புலியின் பல்லிடுக்கு

புலியின் கடைவாய்ப் பல்லிடுக்கில் மான்கறி நார் ஒன்று மாட்டிக்கொண்டது. நாலு நாளாக முள்ளால் குத்திக் குத்தி ஈறு வீங்கியதுதான் மிச்சம். நார் அசையவில்லை.

"இனிமே முள்ளைத் தொட்டா நான் புலியே இல்ல. தண்ணியைப் பீச்சித்தான் எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு அது ஆற்றங்கரைக்குப் போனது.

தண்ணீர் பீச்ச அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று யானை. இன்னொன்று, இலைமேல் இருக்கும் பூச்சியைத் தண்ணீரால் அடித்து வீழ்த்தும் ஒரு விரல்நீள மீன்.

"யானையண்ணே, நீங்களே அடிங்க. இத்துனூண்டு மீனை நம்பியா நான் வாயைத் திறக்கிறது?"

யானை தும்பிக்கை நிறைய உறிஞ்சி ஒரே அடியாக அடித்தது. புலி சேற்றில் மல்லாந்து விழுந்தது. மூக்கெல்லாம் தண்ணீர். நார் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

புலி எழுந்து சேற்றை உதறிவிட்டு, நேராக மீனிடம் போய் வாயைத் திறந்தது.

"தினமும் சாப்பிட்டதும் வரணும், புலியாரே. வலிக்கிற அன்னைக்கு மட்டும் வர்றதா இருந்தா இப்பவே வாயை மூடிக்கிட்டுப் போயிடுங்க" என்றது மீன், எதற்கும் இரண்டு முழம் தள்ளி நின்றபடி.

மெல்லிய நீர்க்கோடு ஈறோரமாக ஓடியது. கொஞ்சம் ரத்தம் வந்தது. புலி கண்ணை இறுக்கிக்கொண்டதே தவிர வாயை மூடவில்லை. நாலாவது பீச்சில் நார் வெளியே வந்து விழுந்தது.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் புலி ஆற்றங்கரையில் வந்து நின்றது.

"என்ன தம்பி, இன்னும் வலிக்குதா?" என்று கேட்டது யானை.

"இல்லண்ணே, வலியே இல்ல" என்று சொல்லிவிட்டுப் புலி வாயைத் திறந்தது.