உவரியில் இரண்டு நாள்

“புன்னக்காயல் பாத்துட்டு நேரா மணப்பாடா, அண்ணாச்சி?”

மேலப்பாளையத்தில் தனியாயிருந்த ஆசியா உம்மாள் அன்றும் போனில் கேட்டாள்.

“ஆமாம்மா. பைய போவோம். மேட்டுல நின்னு உங்க பிள்ளையளு கடலைப் பாக்கணும்லா,” என்றார் வேன்காரர் மாடக்கண்ணு.

தினமும் பேசுவார்கள், தினமும் பயணத் திட்டம் மாறும். என்றைக்குப் புறப்பாடு என்று மட்டும் அவர் கேட்டதேயில்லை.

இன்று அவளுக்கு மனசு உறுத்தியது.

“துபாய்லேர்ந்து பிள்ளையளு வரல, அண்ணாச்சி. வாரோம்னு சொல்லவும் இல்ல. பேச ஆளில்லாமத்தான் உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”



“நான் வேனை வித்து ஒரு வருசமாச்சும்மா,” என்றார் அவர். “மணப்பாட்டுக்குப் பொறவு எங்கன தங்கணும்னு நீங்க இன்னும் சொல்லலியே?”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உவரியில, அண்ணாச்சி. அவசரம் என்ன, ரெண்டு நாளு தங்குவோம்.”