ஒரு விரற்கடை

பெரிய வெள்ளியின் வெயில் கல் பாவிய தெருவில் காய்கிறது. அன்டிகுவா நகரத்துப் பெண்கள் கறுப்புடையில் வியாகுல மாதாவின் சப்பரத்தைத் தோளில் சுமந்து, மெல்ல ஆடி ஆடி வருகிறார்கள். சாயமிட்ட மரத்தூளால் போட்ட பூக்கோலம் அவர்கள் காலடியில் கலைகிறது. திடீரென்று, சுமப்பவர்களில் ஒருத்தியான எடெல்மிராவுக்கு மாடங்களில் தொங்கும் கறுப்புத் துணிகள் வட்டமாக ஓடுகின்றன. தெரு தண்ணீராக அசைகிறது. மகன் காய்ச்சலில் பிழைத்ததற்காக அடுத்த முனை வரை சுமப்பதாக நேர்ந்தவள் அவள். நடுவில் விலகினால் நேர்த்தி முறிந்துவிடுமே என்ற பயத்தில் தோளிலுள்ள சப்பரக் கட்டையை இறுகப் பற்றுகிறாள். “என்னடி, மூஞ்சி வெளுத்துப்போச்சு?” என்கிறாள் பக்கத்தில் சுமக்கும் ஒட்டிலியா. “தலை சுத்துதுக்கா.” “பட்டினி கிடந்தா சுத்தாதா?” பின்னாலிருந்து ஒருத்தி, “காதுக் கோளாறா இருக்கும். என் நாத்தனாருக்குத் தலையத் திருப்பினாலே வீடு சுத்தும்” என்கிறாள். “உன் பேச்சக் கேட்டா எந்தக் காதுதான் கெடாது? இது சாம்பிராணிப் புகை” என்கிறாள் இன்னொருத்தி. “விலகிக்கடி” என்கிறாள் ஒட்டிலியா. “மாட்டேன்க்கா. வேண்டிக்கிட்டேன்.” ஒட்டிலியா உயரமானவள், பாரம் எல்லோருக்கும் சமமாக இறங்கட்டும் என்று இதுவரை முழங்காலை மடக்கியே நடந்தவள். இப்போது நிமிர்கிறாள். கட்டை எடெல்மிராவின் தோளைவிட்டு ஒரு விரற்கடை எழும்புகிறது. ஒட்டிலியாவின் கழுத்து நரம்பு புடைக்கிறது. “கைய மட்டும் எடுக்காத. என் செருப்பையே பாத்து நட.” எடெல்மிரா அப்படியே நடக்கிறாள். மெல்ல மெல்லத் தெரு மறுபடி கல்லாகிறது. முனையில் மணி அடிக்க, வேறு பெண்கள் வந்து தோள் கொடுக்கிறார்கள். “சுமந்துட்டியே!” என்கிறாள் ஒட்டிலியா, தன் தோளைத் தேய்த்துக்கொண்டே.