பாவாடை மடிப்பு

“நிமிர்ந்து நில்லுடி, மடிப்பு கோணலாப் போகுது...”

“நிமிர்ந்துதாம்மா நிக்கிறேன்...”

“எங்க நிமிர்ந்திருக்க? முட்டி ரெண்டும் மடங்கியே இருக்கு, கிழவி மாதிரி!”

பாவாடை குட்டையாக இருக்கிறதென்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மடிப்பைப் பிரித்து இறக்கிவிடத் தரையில் உட்கார்ந்திருந்தாள் மரகதம். கையில் குண்டூசி. மகள் சிந்துஜா எவ்வளவு முயன்றும் முட்டி நேராகவில்லை.

“எப்பருந்துடி இப்படி?”

“பிரேயர்ல இப்படித்தாம்மா நிப்பேன். வரிசையில எல்லாப் பிள்ளைங்களும் என் தோளுக்குத்தான் வர்றாங்க. மடக்கி நின்னா தெரியாது.”

பழைய பள்ளியில் தட்டுத் தடுமாறி எட்டாம் வகுப்பு முடித்தவள். இந்தப் பெரிய பள்ளியில் சேர்க்கும்போது வைத்த பரீட்சையில் பாதித் தாளை வெள்ளையாகவே கொடுத்துவிட்டாள். திரும்பவும் ஏழில் உட்கார வைத்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் ஒன்பது என்றுதான் சொல்லி வைத்திருந்தாள் மரகதம்.

“பாடமாவது புரியுதாடி?”

“புரியுதும்மா. ஏழுதான் எனக்குச் சரியா இருக்கு.” சிந்துஜாவின் குரல் இறங்கியது. “அதான் வெட்கமா இருக்கு.”

மரகதம் குண்டூசியை மடிப்பில் குத்தினாள். திறந்திருந்த வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“சரி, சாயங்காலம் அத்தை வர்றாங்க. கேட்டா ஒன்பதுன்னே சொல்லிடு, என்ன?”

சிந்துஜா தன் முட்டியைக் குனிந்து பார்த்தாள்.

“அப்ப அத்தை முன்னாடி நான் எந்தக் கிளாஸ் உயரத்துக்கும்மா நிக்கணும்?”