பத்தாவது மீனவர்

“கடல்லதான் கீறேம்மா. இன்னா, சொல்லு,” என்றார் செங்கல்வராயன்.

கிருஷ்ணப்பிரியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பத்து மீனவர்களில் ஒன்பது பேர் அதையே சொல்லியிருந்தார்கள். கடைசி ஆள் இவர். நேற்றிலிருந்து எட்டு முறை அழைத்து, இப்போதுதான் போனை எடுத்திருக்கிறார்.

நாட்டின் கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது, எவ்வளவு அலையாத்திக் காடு இருக்கிறது, அதை நம்பி எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று அரசாங்கம் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. அதில் முந்நூறு மீனவக் குடும்பங்களின் படிவங்களைச் சரிபார்க்கும் வேலை, கடல்காற்று எட்டிப் பார்க்காத மண்ணூர்பேட்டையில், மூன்றாவது மாடியில் இருந்த அவள் அலுவலகத்துக்கு ஒப்பந்தத்தில் வந்திருந்தது. பத்துப் பேரைப் போனில் கேட்டால் போதும். ஆனால் ஒருவர் மாற்றிச் சொன்னாலும் முந்நூறையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

“மூணு மணிக்கு ரிப்போர்ட் டெல்லிக்குப் போகணும்,” என்று காலையில் அவள் மேசைக்கே வந்து சொல்லிவிட்டார் மேலாளர் சண்முகசுந்தரம். “கடலை நம்பின ஒருத்தர்கூட கடலை விட்டுப் போகல. அதாம்மா தலைப்பே. அது கவுந்துச்சுன்னா, உன்னைப் பர்மனன்ட் பண்றதப் பத்தி நான் வாயத் தொறக்க முடியாது.”

அன்றைக்கென்று பருத்திப்பட்டு வீட்டிலிருந்து வழியெல்லாம் நெரிசல். செக்யூரிட்டிக்காரர் கத்தக் கத்த ஸ்கூட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

“எங்கேர்ந்து பேசறேன்ன? மறுபடி சொல்லு.”

“மண்ணூர்பேட்டைலருந்துங்க ஐயா. கிருஷ்ணப்பிரியா. கடல் கணக்கு விஷயமா.”

மறுமுனையில் ஒரு செருமல் கேட்டது.

“கேளுங்க மேடம்,” என்றார் பிறகு.

அரசாங்கக் கணக்கு என்றதும் மரியாதை தானாக வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். எங்கோ ஒரு லாரி பின்வாங்கும் பீப் சத்தம் விடாமல் கேட்டது. அந்தத் தொழிற்பேட்டையில் அதற்குப் பஞ்சமே இல்லை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். சத்தம் குறையவில்லை.

“போன மாசம் எத்தனை நாள் வேலைக்குப் போனீங்க?”

“இருவத்தாறு நாளு மேடம்.”

“ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?”

“பன்னெண்டு. நின்னுகினே இருக்கணும். காலு ரெண்டும் வீங்கிப் போச்சு.”

பாவம், படகில் உட்காரக்கூட இடம் இருக்காது போல. குறித்துக்கொண்டாள்.

“முன்ன மாதிரி மீன் கிடைக்குதுங்களா?”

“எங்க மேடம்? வல போட்டா பாதி பிளாஸ்டிக்குதான் வருது. மீதிப் பாதி டீசலுக்கே பத்தாது. எங்க குப்பத்துல பாதி படகு கரையிலதான் காயுது.”

அவள் கை நின்றது. அடுத்ததுதான் முக்கியமான கேள்வி. கேள்வியை இருக்கிறபடியே வாசிக்க வேண்டும், பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று பயிற்சியில் மூன்று முறை சொல்லியிருந்தார்கள். மூன்று முறையும் எழுதி வைத்திருந்தாள்.

“அதுக்காக நீங்க கடலை விட்டு வேற வேலைக்கெல்லாம் போகலதானே ஐயா?”

பீப் சத்தம் நின்றது. யாரோ யாரையோ திட்டுவது கேட்டது.

“போவலன்னு சொன்னா உங்களுக்கு நல்லதா மேடம்?”

“எனக்கு... ஆமாங்க. கொஞ்சம் நல்லது.”

“போனேன்னு சொன்னா என் மீனவர் அட்டையப் புடுங்கிடுவாங்களா?”

“அது எனக்குத் தெரியாதுங்களே. போகலன்னா யாரும் புடுங்கப்போறதில்ல.”

“அப்ப போவல. எழுதிக்கோங்க.”

எழுதினாள். தூண்டிக் கேட்டுவிட்டோமோ என்று ஒரு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயால்தானே சொன்னார். பொத்தானை அழுத்தியதும் பத்தாவது கட்டமும் பச்சையானது.

“பதிஞ்சாச்சுங்க ஐயா. ரொம்ப நன்றி.”

“கெட்டியா பதிஞ்சிடுச்சா? அப்பால யாராச்சும் மாத்திட மாட்டாங்களே?”

“எங்க மேனேஜர் நினைச்சாக்கூட மாத்த முடியாது. நேரா டெல்லிக்குப் போயிடுச்சு.”

“நல்லதாப் போச்சு.”

சண்முகசுந்தரம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து புருவத்தைத் தூக்கினார். அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

படிவத்தில் ஒரு வரி மீதம் இருந்தது. யாரும் அதற்குப் பதில் சொல்வதில்லை. ஆனாலும் எதையும் பாதியில் விட அவளுக்கு மனம் வராது.

“கடைசியா ஒண்ணுங்க ஐயா. நீங்களா ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?”

“ஒண்ணே ஒண்ணு மேடம்,” செங்கல்வராயன் குரலைத் தாழ்த்தினார். “வாசல் கேட்டாண்ட வுட்ட உங்க ஸ்கூட்டிய கொஞ்சம் வந்து எடுத்தீங்கன்னா, இந்தக் கன்டெய்னர உள்ள வுட்ருவேன்.”