சங்கிலிக்கு ஒரு நிமிடம்

ஒன்றரை வயது நினைவைத் திரும்பப் பார்க்க நிமிடம் இரண்டு லட்சம். தங்கத்தைப்போல இதுவும் விலை இறங்குவதே இல்லை. இரண்டு வயதில் தாயை இழந்த செண்பகவல்லி, பேரம் பேசாமல் அம்மாவின் சங்கிலியைக் கழற்றி என் தராசில் வைத்தாள்.

"போட்டோகூட இல்ல அண்ணாச்சி. அம்மா மொகத்த ஒருவாட்டி பாக்கணும்."

"கண்ணியெல்லாம் நசுங்கிக் கெடக்கே தாயி, ஐயாயிரம் கொறையுமே."

அதையும் ரொக்கமாகக் கொடுத்தாள். நினைவைக் காட்டும் கருவியை அவள் தலையில் மாட்டினேன். நிமிடம் முடிந்ததும் தேம்பினாள்.

"மடியிலதான் கெடந்தேன். அம்மா பாடுறது கேட்டுச்சு. பாவி, நிமிந்தே பாக்கல அண்ணாச்சி! சங்கிலியையே கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

பால்பல் பதிந்த தங்கத்துக்குக் கழிவு பிடிக்க எனக்கே கூசியது. ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

சங்கிலி என் வரவு. நிமிடம் அவள் செலவு. முகம் இன்னும் பாக்கி.