தொடங்கி வைக்கும் காரணி

ஆறு மாதப் பேறுகால விடுப்பு முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்பிய தாட்சாயணி முதலில் தேடிப்போனது அந்தப் புகையிலைச் செடியைத்தான். மரபணுவிலிருந்து செல்லுக்குள் வரும் செய்தியின் தலையைப் பிடித்து, புரதம் கட்டுவதைத் தொடங்கி வைக்கும் காரணியை அதிலிருந்து நீக்கியவள் அவள். அது இல்லாமல் செடி தேறாது என்று அறிக்கையிலும் எழுதியிருந்தாள். செடியோ இடுப்புயரம் வளர்ந்து பூத்துக் காய்த்திருந்தது.

"செத்துடும்னுதான் நானும் நெனச்சேன்க்கா," என்றாள், அவள் இடத்துக்கு வந்திருந்த ஜெனிட்டா. "அதே மாதிரி இன்னொரு காரணி உள்ள இருக்குல்ல, அது சத்தமில்லாம வேலைய எடுத்துக்கிச்சு. ஒரு எல கூட வாடல."

தாட்சாயணி செடியை விட்டு அவள் பக்கம் திரும்பினாள். ஜெனிட்டா மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டின் பையில் சிவப்பு நூலில் தைத்திருந்த பெயர் 'தாட்சாயணி'. கோட்டும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியிருந்தது.

"அது என் கோட்டு."

"ஐயோ, ஸாரிக்கா. கழட்டித் தரேன்."

அவள் முதல் பொத்தானை அவிழ்த்தபோது வாசலிலிருந்து பேராசிரியை ஜெனிட்டாவைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"தாட்சாயணி, விதையெல்லாம் எடுத்தாச்சா?"

தாட்சாயணி வாயைத் திறந்தாள்.

"எடுத்தாச்சு மேடம்," என்றாள் ஜெனிட்டா, பொத்தானைத் திரும்பப் போட்டபடி.