இளையவள் சுட்ட டோனட்

"புதுசா ஊசி போடுறவ மாதிரி ஏன் பயந்து பயந்து குத்துற? குழாய் முனையை நல்லா உள்ள இறக்கி ஜாமைப் பிழி!" என்று சீறினாள் மூத்தவள்.

இளையவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த டோனட்டை எடுத்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் ஏச்சுதான். மாவு உப்பினாலும் குற்றம், உப்பாவிட்டாலும் குற்றம்.

"உங்க வாய்க்கு இந்தக் கொதிக்கிற எண்ணெயே தேவலாம், அக்கா."

"நடுத்தெருவுல நின்னவளைக் கூட்டிட்டு வந்தேன்ல, நீ இதுவும் பேசுவ, இன்னமும் பேசுவ."

அழைப்பு மணி அடித்தது. மூத்தவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். வெளியே ஓர் ஆண்குரல் குழைந்தது.

"எனக்குப் புத்தி வந்துடுச்சும்மா. அந்த இன்னொருத்திய வீட்டை விட்டே விரட்டிட்டேன். சத்தியமா இனிமே நீ மட்டும்தான் என் பொண்டாட்டி."

இளையவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாவுக் கையோடு ஓடிவந்து மூத்தவளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்னைக் கட்டிக்கிட்டப்பவும் இதே சத்தியத்தைத்தானே பண்ணீங்க?"

அவன் முகம் வெளிறிப்போனது.

மூத்தவள் அந்த முகத்தின் மேலேயே கதவை அறைந்து சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"இங்க என்னடி வேடிக்கை? அங்க எண்ணெய் கருகுது, ஓடு!"

இளையவள் ஓடினாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் எதிர்த்துப் பேசவில்லை.